ஃபெம்டோ விநாடிக்குள் எலக்ட்ரானுக்கு என்ன ஆகிறது? பாளையங்கோட்டை மாணவர் ஒருவரின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி இது: “பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கருத்தரங்கு ஒன்றில் ‘டைம் ரிசால்வ்டு ஃபோட்டோ எமிஷன்’ பற்றி ஒருவர் பேசினார். எலக்ட்ரான் நகர்வதையே படம் பிடித்துவிடலாம் என்றார். எந்த டிடெக்டரும் ஃபெம்டோ விநாடி வேகத்தில் வேலை செய்யாதே, அப்புறம் எப்படி? இதனால் ஒரு பொருளைப் பற்றி வேறு வழியில் தெரியாதது எது தெரியவரும்? கங்கைகொண்டானில் செய்கிற சோலார் செல்லுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா? நம்ம ஊர் மாணவர்கள் இதற்குள் போக வழி இருக்கிறதா?”

தம்பி, நாலு கேள்வியும் நல்ல கேள்விகள். இரண்டாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, அதற்குத்தான் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

ஃபெம்டோ விநாடி என்றால் விநாடியில் 10¹⁵-இல் ஒரு பங்கு, பிக்கோ விநாடி அதைப்போல ஆயிரம் மடங்கு. ‘டைம் ரிசால்வ்டு ஃபோட்டோ எமிஷன்’ என்றால் ஒளி பட்டு வெளிவருகிற எலக்ட்ரான்களை நேர வரிசையில் அளக்கிற ஒளிமின் நிறமாலை முறை. அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். போதுமான ஆற்றலுள்ள ஒளி ஒரு பொருளின் மேல் பட்டால் எலக்ட்ரான் வெளியே வரும். ஹெர்ட்ஸ் 1887-இல் இதைக் கண்டார், ஐன்ஸ்டைன் 1905-இல் விளக்கினார். ஃபோட்டானின் ஆற்றலிலிருந்து வெளியேற்று ஆற்றலைக் கழித்தால் மிஞ்சுவது எலக்ட்ரானின் இயக்க ஆற்றல் என்று பன்னிரண்டாம் வகுப்பிலேயே கணக்குப் போட்டிருப்பீர்கள். அது மேல்மட்டத்தில் இருக்கிற எலக்ட்ரானுக்கு. ஆழத்தில் கட்டுண்டு கிடக்கிற எலக்ட்ரானுக்கு அதன் பிணைப்பு ஆற்றலையும் கழிக்க வேண்டும். இதைத் திருப்பிப் போடுங்கள்: வெளியே வந்த எலக்ட்ரானின் ஆற்றலை அளந்தால், அது உள்ளே எந்த மட்டத்தில் இருந்தது என்று தெரியும். எந்தக் கோணத்தில் வந்தது என்றும் பார்த்தால் பரப்புக்கு இணையான உந்தம் கிடைக்கும். ஒரு அச்சில் ஆற்றல், மற்றதில் உந்தம் என்று வைத்தால், திடப்பொருள் இயற்பியல் புத்தகத்தில் கோடாக வரைந்திருக்கிற பட்டை அமைப்பு திரையில் அப்படியே எழுந்து வரும். உயர் துல்லிய எலக்ட்ரான் நிறமாலையியலை வளர்த்ததற்காக கை சீக்பானுக்கு 1981-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

இதுவரை சொன்னது பொருள் சும்மா இருக்கும்போது எடுக்கிற படம். அதில் நேரம் இல்லை. நேரத்தைக் கொண்டுவருவதற்கு இரண்டு லேசர் துடிப்புகள் வேண்டும். முதல் துடிப்பு பொருளைக் கிளறிவிடும். அதற்குப் பம்ப் என்று பெயர். கொஞ்சம் கழித்து வருகிற இரண்டாவது துடிப்பு எலக்ட்ரானை வெளியே தள்ளும், அது ப்ரோப். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தாமதம் வைத்தோமோ, அந்த நேரத்தில் பொருள் இருந்த நிலைதான் டிடெக்டரில் பதிவாகும். டிடெக்டர் எவ்வளவு மெதுவானதாக இருந்தாலும் பரவாயில்லை. எலக்ட்ரானை எண்ணி, ஆற்றலையும் கோணத்தையும் சொன்னால் அதன் வேலை முடிந்தது. நேரத்தைச் சொல்வது துடிப்பின் அகலமும் தாமதமும் மட்டுமே. உங்கள் முதல் கேள்விக்கு விடை இதுதான்.

அந்தத் தாமதத்தைக் கடிகாரம் வைத்து அளப்பதில்லை. தூரத்தை வைத்து அளக்கிறோம். ஒளி ஒரு ஃபெம்டோ விநாடியில் 0.3 மைக்ரோமீட்டர் போகும். ஒரே லேசர் கற்றையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஒரு நகரும் மேடையில் வைத்த கண்ணாடிகள் வழியாகப் போய்த் திரும்பும்படி விட்டால், மேடையை ஒரு மைக்ரோமீட்டர் நகர்த்தும்போது பாதை இரண்டு மைக்ரோமீட்டர் நீளும், தாமதம் 6.67 ஃபெம்டோ விநாடி கூடும். ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் 6.67 பிக்கோ விநாடி. மைக்ரோமீட்டர் அளவில் நகர்கிற மேடை கடையில் வாங்கக்கூடிய சாமான். யோசனையும் புதிதல்ல. 1899-லேயே ஆப்ரகாம், லெமுவான் என்ற இரண்டு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் மின்பொறியின் ஒளியைச் சுற்றுப்பாதையில் அனுப்பி, கெர் விளைவு (மின்புலத்தால் ஒரு பொருளின் ஒளிப்பண்பு மாறுவது) எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்று இதே வழியில் அளந்தார்கள். நேரத்தைத் தூரமாக மாற்றுகிற வழி அப்போதே இருந்தது. போதுமான அளவு சின்னத் துடிப்புக்குத்தான் இன்னும் எண்பது, தொண்ணூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் துடிப்பைப் பெரும்பாலும் டைட்டானியம் சேர்த்த நீலக்கல் லேசர் தருகிறது. அலைநீளம் 800 நானோமீட்டர் சுற்றி, ஃபோட்டான் ஆற்றல் 1.55 எலக்ட்ரான் வோல்ட். ராதாபுரம் பக்கத்துக் கடற்கரை மணலில் கறுப்பாகப் படிந்திருக்கிற இல்மனைட்டில் உள்ள அதே டைட்டானியம்தான். நீலக்கல் படிகத்துக்குள் துளியூண்டு கலந்தால் இப்படி ஒரு பயன். துடிப்பை நீட்டி, பெருக்கி, மறுபடி சுருக்குகிற உத்தியை டோனா ஸ்ட்ரிக்லாண்டும் ஜெரார்ட் மூரூவும் 1985-இல் கொண்டுவந்தார்கள். 2018-இல் அதற்கு நோபல் கிடைத்தது. அதில்லாமல் இந்தத் துறையே இல்லை.

ஆனால் 1.55 எலக்ட்ரான் வோல்ட்டை வைத்து ஒரு எலக்ட்ரானைக்கூட நேராக வெளியே எடுக்க முடியாது. பெரும்பாலான பொருள்களின் வெளியேற்று ஆற்றல் 4 முதல் 5 எலக்ட்ரான் வோல்ட். அதனால் ப்ரோப் கற்றையின் அதிர்வெண்ணை நாலு மடங்காக்கி 6.2 எலக்ட்ரான் வோல்ட் ஆக்குவார்கள். இதில் ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். வெளியேற்று ஆற்றல் 4.5 என்றால் எலக்ட்ரானுக்கு மிஞ்சுவது 1.7. உந்தத்துக்கான சூத்திரம், 0.512 பெருக்கல் இயக்க ஆற்றலின் வர்க்கமூலம் பெருக்கல் கோணத்தின் சைன். முழுக் கோணத்துக்கும் போனால்கூட 0.67-க்கு மேல் வராது, ஆங்ஸ்ட்ராமின் தலைகீழ் அலகில். ஒரே அணு கனமுள்ள கார்பன் தாளான கிராஃபீனில் முக்கியமான சமாசாரம் எல்லாம் நடக்கிற இடம், உந்த வரைபடத்தின் மூலை, 1.70-இல் இருக்கிறது. எட்டவே எட்டாது. அங்கே போக எலக்ட்ரானுக்கு 11 எலக்ட்ரான் வோல்ட்டாவது வேண்டும், அப்படியானால் ஃபோட்டானுக்கு 15-க்கு மேல். அதனால்தான் லேசரை ஆர்கான் போன்ற வாயுவில் குவித்து உயர் ஹார்மோனிக்குகளை (லேசர் அதிர்வெண்ணின் பல மடங்கு அதிர்வெண்ணுள்ள ஒளியை) உண்டாக்குகிற முறை தேவைப்பட்டது. ஆன் லூலியே 1987-இல் தொடங்கிய வழி அது. அட்டோ விநாடி (ஃபெம்டோ விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) துடிப்புகளுக்காக அவருக்கும் அகோஸ்தினி, கிராஸ் ஆகியோருக்கும் 2023-இல் நோபல் வந்தது. ஒரு மேசை மேல் 20, 30 எலக்ட்ரான் வோல்ட் துடிப்பு கிடைக்கிறது என்பதால், பெரிய முடுக்கி இல்லாத ஆய்வுக்கூடங்களும் இந்த ஆட்டத்துக்குள் வந்துவிட்டன. இன்னும் அதிக ஆற்றல் வேண்டுமென்றால் ஹாம்பர்க்கின் ஃபிளாஷ், ஸ்டான்ஃபோர்டின் எல்.சி.எல்.எஸ். மாதிரி கட்டற்ற எலக்ட்ரான் லேசர்களுக்குப் போக வேண்டும்.

இனி ஆய்வுக்கூடத்துக்குள் நிலைமை எப்படியிருக்கும் என்று சொல்கிறேன், கருத்தரங்கில் இதை யாரும் காட்டுவதில்லை. வெளியே வருகிற எலக்ட்ரான் பொருளின் மேல்புறத்தில் ஒரு நானோமீட்டர் அளவு ஆழத்திலிருந்துதான் வருகிறது. அதைவிட ஆழத்திலிருந்து வந்தால் வழியில் மோதி ஆற்றலை இழந்துவிடும். ஆகவே பரப்பு படு சுத்தமாக இருக்க வேண்டும். 10⁻⁶ டார் அழுத்தத்தில் ஒரே விநாடியில் பரப்பின் மேல் ஒரு அடுக்கு வாயு படிந்துவிடும். 10⁻¹⁰-க்குப் போனால் அதே படிவுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். அந்த வெற்றிடத்துக்காக, சேம்பர் முழுவதையும் அலுமினியத் தாளால் சுற்றி, 120, 150 டிகிரியில் நாள்கணக்கில் சுட வைப்பார்கள். சுவரில் ஒட்டியிருக்கிற நீராவி கழன்று வெற்றிடப் பம்ப் வழியாகப் போய்விடும். எத்தனை கோடி ரூபாய்க் கருவியானாலும் அந்த நாள்களில் சமையல்காரர் கட்டிவைத்த பொட்டலம் போலத்தான் தெரியும்.

சாம்பிளைத் தயார் செய்வது அடுத்த வேலை. மில்லிமீட்டர் அளவுப் படிகத்தின் தலையில் ஒரு பீங்கான் குச்சியை எபாக்ஸியால் ஒட்டி, உள்ளே கொண்டுபோய், வெற்றிடத்திலேயே குச்சியைத் தட்டிவிடுவார்கள். குச்சி படிகத்தின் மேலடுக்கையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு விழும். அடியில் இதுவரை காற்றே படாத புதுப் பரப்பு. ஜன்னல் வழியாகப் பார்க்கும்போது அது கண்ணாடி மாதிரி மின்னினால் அன்றைக்கு வேலை நடக்கும். சொரசொரவென்று இருந்தால் அடுத்த படிகம்.

அப்புறம் பூஜ்ய நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பம்பும் ப்ரோபும் சாம்பிளில் ஒரே புள்ளியில் விழ வேண்டும், ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும். முதலில் வேகமான ஃபோட்டோ டையோடும் ஆசிலோஸ்கோப்பும் வைத்துப் பாதை நீளத்தைத் தோராயமாகச் சரிசெய்து, பிறகு மேடையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே திரையைப் பார்த்திருப்போம். ஃபெர்மி மட்டத்துக்கு (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கிற உச்சிக்கு) மேலே வெறும் கறுப்பாக இருந்த இடத்தில் ஒரு கட்டத்தில் திடீரென்று வெளிச்சம் தட்டும். சாதாரணமாக அங்கே எலக்ட்ரானே இருக்கக் கூடாது. பம்ப் தூக்கிவிட்ட எலக்ட்ரான்களை ப்ரோப் பார்த்துவிட்டது என்று அர்த்தம். இந்த வேலையை எத்தனை தடவை செய்தாலும் அந்த வெளிச்சம் வரும்போது எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம் எழும்.

வெப்பநிலை பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூடேறினால் 12 மைக்ரோமீட்டர் போல நீளும். ஒளிக்கு அது 40 ஃபெம்டோ விநாடிப் பயணம். இரண்டு கற்றைகளின் பாதையும் ஒன்றுபோல நீண்டால் பாதகமில்லை; வேறு வேறாக நீண்டால் நேற்றைய பூஜ்யம் இன்றைக்குப் பூஜ்யமாக இருக்காது. நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் இப்படி ஒரு ஆய்வுக்கூடம் கட்ட நினைத்தால், லேசருக்கு ஒதுக்குகிற அக்கறையில் பாதியை ஏ.சி.க்கு ஒதுக்க வேண்டும்.

சரி, ‘எலக்ட்ரான் நகர்வதைப் படம் பிடிக்கலாம்’ என்றாரே, அது உண்மையா? பாதி உண்மை. ஒரு குறிப்பிட்ட எலக்ட்ரானின் பின்னாலேயே போய்ப் பார்ப்பது கிடையாது. ஒரு துடிப்பு நிறைய எலக்ட்ரான்களை ஒரே நேரத்தில் வெளியேற்றினால், அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஆற்றல் எல்லாம் குழம்பிவிடும். எனவே துடிப்புக்குக் கொஞ்சம் எலக்ட்ரான்களையே விடுவார்கள். அதே பரிசோதனை விநாடிக்கு ஆயிரம் முதல் பல லட்சம் தடவை திரும்பத் திரும்ப நடக்கும். எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்தால் ஒரு தாமதத்துக்கு ஒரு படம். மேடையை நகர்த்தி அடுத்த தாமதத்துக்கு அடுத்த படம். கடைசியில் வரிசையாக ஓட விட்டால் சினிமா மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு சட்டமும் கோடிக்கணக்கான வெவ்வேறு எலக்ட்ரான்களின் சராசரி. இதிலிருந்து ஒரு கறாரான நிபந்தனை பிறக்கிறது: அடுத்த துடிப்பு வருவதற்குள் பொருள் பழைய நிலைக்கே திரும்பியிருக்க வேண்டும். ஒரு தடவை அடித்ததும் நிரந்தரமாக மாறிவிடுகிற பொருளை இந்த வழியில் பார்க்க முடியாது.

இன்னொரு எல்லை இயற்கையே போட்டது. துடிப்பு சின்னதாக ஆக ஆக அதன் ஆற்றல் பரவும். காஸியன் (மணி) வடிவத் துடிப்புக்கு இரண்டையும் பெருக்கினால் குறைந்தது 1.82 எலக்ட்ரான் வோல்ட் ஃபெம்டோ விநாடி. 100 ஃபெம்டோ விநாடித் துடிப்பு என்றால் 18 மில்லி எலக்ட்ரான் வோல்ட் மங்கல். 10 ஃபெம்டோ விநாடி என்றால் 182. மின்தடையே இல்லாமல் கடத்துகிற மீக்கடத்தியில் வருகிற நுண்ணிய ஆற்றல் இடைவெளிகள் (எலக்ட்ரானுக்கு இடமில்லாத ஆற்றல் பகுதிகள்) அந்த மங்கலில் மறைந்தே போகும். ஆகவே ‘எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக’ என்பது இந்தத் துறையின் நோக்கம் அல்ல. எந்தக் கேள்வி கேட்கிறோமோ அதற்கு ஏற்ற துடிப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் ஆய்வாளரின் கைப்பக்குவம் இருக்கிறது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. வேறு வழியில் தெரியாதது என்ன தெரியும்?

என் பதில்: எது முதலில் நடந்தது, எது அதன் பின்னால் வந்தது என்ற வரிசை. வேகத்தைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த வரிசைதான். சமநிலையில் இருக்கிற ஒரு திடப்பொருளில் எலக்ட்ரான்கள், அவை ஒன்றையொன்று தள்ளுகிற விலக்கம், அணுச் சட்டகத்தின் அதிர்வு எல்லாம் பின்னிப் பிணைந்து கிடக்கும். அணுக்கள் கொஞ்சம் இடம் மாறியிருக்கின்றன, ஆற்றலில் ஒரு இடைவெளியும் விழுந்திருக்கிறது என்றால், அணுக்கள் மாறியதால் இடைவெளி வந்ததா, இடைவெளி விழுந்ததால் அணுக்கள் மாறினவா? நின்ற நிலைப் படத்தைப் பார்த்து எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் சொல்ல முடியாது. இரண்டும் எப்போதும் சேர்ந்தே இருக்கும். ஆனால் எலக்ட்ரான் இலேசானது, அணு கனமானது. ஒரு அடி அடித்துவிட்டுக் காத்திருந்தால் இரண்டும் வெவ்வேறு நேரத்தில் பதில் சொல்லும்.

எளிய உதாரணம் தங்கம். 1992-இல் மெல்லிய தங்கப் படலத்தில் செய்த அளவீட்டில், பம்ப் அடித்த உடனே எலக்ட்ரான்களின் பரவல், சமநிலையில் இருக்க வேண்டிய ஃபெர்மி–டிராக் வடிவத்திலேயே இல்லை என்று தெரிந்தது. அதாவது ‘எலக்ட்ரானின் வெப்பநிலை’ என்ற பேச்சுக்கே அப்போது இடமில்லை. எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று மோதி ஒரு வெப்பநிலைக்கு வருவதற்குச் சில நூறு ஃபெம்டோ விநாடி ஆனது. அந்த வெப்பநிலை சட்டகத்தின் வெப்பநிலையைவிட மிக அதிகம். பிறகு ஒரு பிக்கோ விநாடி அளவில் சூடு அணுக்களுக்கு இறங்குகிறது. ஒரே பொருளுக்குள் இரண்டு வெப்பநிலை! பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு வெப்பநிலை எழுதிப் பழகிய நமக்கு இது முதலில் உறுத்தும். படத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது.

அடுத்தது டாண்டலம் டைசல்ஃபைடு. அடுக்கடுக்கான படிகம். குளிர்ந்த நிலையில் பதின்மூன்று டாண்டலம் அணுக்கள் நட்சத்திர வடிவில் கூடி நிற்கும், மின்னூட்ட அடர்த்தியும் அதே வடிவில் அலையாக அமையும். சாதாரணப் பட்டைக் கணக்குப்படி கடத்த வேண்டிய பொருள், கடத்துவதில்லை. எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கம் காரணமா, அணுக்கள் நகர்ந்தது காரணமா? 2006-இல் வெளிவந்த அளவீட்டில், பம்ப் அடித்ததும் இடைவெளி 100 ஃபெம்டோ விநாடிக்குள் நிரம்பிவிட்டது. நட்சத்திரங்கள் விரிந்து சுருங்குகிற அதிர்வுக்கோ ஒரு சுற்றுக்கே 400 ஃபெம்டோ விநாடிக்கு மேல் ஆகும். அணுக்கள் அசைவதற்கு முன்பே இடைவெளி போய்விட்டது என்றால் அணுக்களை முதற்குற்றவாளி ஆக்க முடியாது. எலக்ட்ரான் விலக்கம் என்ற பக்கத்துக்கு இது பெரிய சான்று. கதை அதோடு முடியவில்லை: அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று எப்படி அமர்கின்றன என்பதும் அந்த இடைவெளியில் பங்கெடுக்கிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. நல்ல அளவீடு விவாதத்தை முடித்துத்தான் வைக்க வேண்டும் என்பதில்லை, அடுத்த கேள்வியைக் கூர்மையாக்கினாலும் போதும்.

ஜெர்மனியின் கீல் நகரக் குழு 2012-இல் இதையே ஒரு வகைப்படுத்தும் கருவியாக ஆக்கியது. இடைவெளி எவ்வளவு சீக்கிரம் சரிகிறது என்பதை வைத்து, மின்கடத்தாமைக்குக் காரணம் எது என்று பிரித்துவிடலாம். எலக்ட்ரான் விலக்கத்தால் வந்தது என்றால் மிக வேகமாகச் சரியும். எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடம்) சேர்ந்த எக்ஸிடான்களால் என்றால் கொஞ்சம் மெதுவாக. அணுச் சட்டகம் முறுக்கிக்கொண்டதால் என்றால், அணுக்கள் பாதி அதிர்வாவது நகர்ந்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். மருத்துவர் நாடி பார்த்து நோயைச் சொல்வது போல என்று சொல்ல ஆசைதான். ஆனால் நம்ம ஊரிலேயே இதைவிடப் பொருத்தமானது ஒன்று இருக்கிறது.

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்து இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்திருப்பீர்கள். ஒரே கல்லில் கொத்தாகச் செதுக்கிய சின்னத் தூண்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுரம். பார்வைக்கு எல்லாம் ஒரே கல். தட்டினால்தான் எதற்கு எந்தச் சுரம் என்று தெரியும். பம்ப் துடிப்பும் அப்படித்தான் படிகத்தைத் தட்டுகிறது. தட்டியதும் கோடானுகோடி அணுக்கள் ஒரே தாளத்தில் அதிரும். அணுக்கள் அப்படி ஆடும்போது எலக்ட்ரான் பட்டைகளும் கூடவே மேலும் கீழும் ஆடுவதை இந்த நிறமாலையில் கண்ணால் பார்க்கலாம். எந்தப் பட்டை எந்த அதிர்வுக்கு ஆடுகிறது, எவ்வளவு ஆடுகிறது என்பதிலிருந்து எலக்ட்ரானுக்கும் அந்த அதிர்வுக்கும் உள்ள பிணைப்பு எவ்வளவு என்று கிடைக்கும்.

இதில் என்னை மிகவும் கவர்ந்த அளவீடு 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் இரும்பு செலினைடில் செய்தது. குளிர்ந்தால் மீக்கடத்தியாகிற பொருள். அவர்கள் ஒரே பொருளை இரண்டு வழியில் அளந்தார்கள். ஒளிமின் நிறமாலை மூலம் பட்டை எத்தனை மில்லி எலக்ட்ரான் வோல்ட் ஆடுகிறது என்று பார்த்தார்கள். எக்ஸ்-கதிர் லேசர் மூலம் செலினியம் அணு எவ்வளவு தூரம் ஆடுகிறது என்று பார்த்தார்கள். அதிர்வு இரண்டிலும் ஒன்றே, விநாடிக்கு 5.3 லட்சம் கோடி தடவை. ஒன்றை மற்றதால் வகுத்தால், அணு இவ்வளவு நகர்ந்தால் எலக்ட்ரானின் ஆற்றல் இவ்வளவு மாறும் என்ற எண் நேராகக் கிடைக்கிறது. நடுவில் எந்த மாதிரியும் கோட்பாடும் வைக்காமல் கிடைத்த எண் அது. எலக்ட்ரான்களுக்குள் இருக்கிற விலக்கத்தைச் சரியாகக் கணக்கில் எடுக்காத கோட்பாடுகள் சொன்னதைவிட அந்த எண் பெரிதாக இருந்தது. எலக்ட்ரான் விலக்கமும் அணு அதிர்வும் தனித்தனிக் கட்சிகள் என்று பேசிவந்தவர்களுக்கு, இரண்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்று இந்த ஒரு எண் சொன்னது. நேரம் கிடைக்கும்போது அந்தக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள்.

எக்ஸிடான் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒளியில் நேரடியாகத் தெரியாத இருண்ட எக்ஸிடான்கள் என்று ஒரு வகை உண்டு. எலக்ட்ரானும் துளையும் வேறு வேறு உந்தத்தில் இருப்பதால் ஒளி அவற்றைத் தொடாது. 2020-இல் ஜப்பானின் ஒகினாவாவில் ஒரே அடுக்கு கனமுள்ள டங்ஸ்டன் டைசெலினைடில் அவற்றை உந்தத்தோடு சேர்த்தே பார்த்தார்கள். எலக்ட்ரானை வெளியே இழுத்துப் பார்க்கிற முறை என்பதால், ஒளிக்குத் தெரியாததும் இங்கே தெரிகிறது.

இதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மேல்புறத்தை மட்டுமே பார்க்கும், உள்ளே என்ன என்று கேட்டால் கையை விரிக்கும். மின்கடத்தாப் பொருளில் எலக்ட்ரான் போன இடத்தில் மின்னூட்டம் தேங்கி, அளவீடே நகர்ந்துவிடும். தட்டையான நல்ல படிகம் வேண்டும். பொடியை வைத்து உந்தம் பார்க்க முடியாது. பம்பைக் கூட்டினால் அதுவே பல ஃபோட்டான்களைச் சேர்த்து எலக்ட்ரானை வெளியே தள்ளி, திரையைப் பாழாக்கும். அணு எங்கே இருக்கிறது என்பதை இது நேராகச் சொல்லாது, அதற்கு எக்ஸ்-கதிர் அல்லது எலக்ட்ரான் விளிம்பு விளைவு முறைகள் துணைக்கு வர வேண்டும்.

கங்கைகொண்டான் கேள்விக்கு வருகிறேன். அங்கே டாடா பவர் குழுமத்தின் ஆலையில் செய்கிற சோலார் செல் சிலிக்கான். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி 1.12 எலக்ட்ரான் வோல்ட். சூரிய ஒளியில் வருகிற 3 எலக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான் ஒன்றை அது விழுங்கினால், மீதி 1.9 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு என்ன ஆகிறது? எலக்ட்ரானும் துளையும் ஒரு பிக்கோ விநாடி அளவில் பட்டையின் ஓரத்துக்கு வந்து, மீதியைச் சட்டகத்துக்குச் சூடாகக் கொடுத்துவிடுகின்றன. பேனல் வெயிலில் கொதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஷாக்லி, குவைசர் 1961-இல் காட்டிய வழியில் இன்றைக்குக் கணக்குப் போட்டால், ஒற்றைச் சந்தி செல்லின் திறனுக்கு 33 சதவீதம் போல மேல்வரம்பு வருவதில் இந்த இழப்புக்குப் பெரிய பங்கு. அந்த முதல் பிக்கோ விநாடியை நேராகப் பார்க்கிற கருவிதான் நாம் பேசிக்கொண்டிருப்பது.

அதற்காக ஆலையில் இதை வைத்துத் தரம் பார்ப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். நல்ல சிலிக்கானில் எலக்ட்ரான் மைக்ரோ விநாடி, மில்லி விநாடி வரை உயிரோடு இருக்கும். ஆலைக்கு அந்த ஆயுள்தான் முக்கியம், அதை அளக்க எளிய கருவிகள் உண்டு. ஃபெம்டோ விநாடி அளவீடு அடுத்த தலைமுறைக்கானது. புதுவகை சோலார் செல் பொருளான பெரோவ்ஸ்கைட்டில் சூடான எலக்ட்ரான் ஏன் நின்று நிதானமாகக் குளிர்கிறது, இரண்டு பொருள் சேர்கிற விளிம்பில் எலக்ட்ரான் எவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறது, குளிர்வதற்கு முன்பே அதை வெளியே எடுத்துவிட முடியுமா என்ற மாதிரிக் கேள்விகள். விடை கிடைத்தால் 33 என்ற வரம்பைத் தாண்ட வழி பிறக்கலாம் என்பதுதான் எதிர்பார்ப்பு.

கடைசியாக, வழி. வழி இருக்கிறது தம்பி. இரண்டாம் ஆண்டில் இருக்கிறீர்கள் என்பதால் நெட், கேட், ஜெஸ்ட், டி.ஐ.எஃப்.ஆர். நுழைவுத் தேர்வுகளை இப்போதே எழுதத் தயாராகுங்கள். உங்கள் ஜூனியர்களிடம் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து தருகிற கோடைக்கால ஆய்வு உதவித்தொகை பற்றிச் சொல்லுங்கள். நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் அதற்கு விண்ணப்பிக்கிறவர்கள் இன்னும் கூட வேண்டும். இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்தில் இண்டஸ்-1, இண்டஸ்-2 என்று இரண்டு சின்க்ரோட்ரான்கள் (எலக்ட்ரானை வட்டமாக ஓடவிட்டு ஒளி எடுக்கிற முடுக்கிகள்) இருக்கின்றன, ஒளிமின் நிறமாலைக்கான கற்றைப் பாதைகளும் உண்டு. சின்க்ரோட்ரான் துடிப்பு ஃபெம்டோ விநாடிக்கு வராது, ரொம்ப அகலம். ஆனால் முதலில் நின்ற நிலைப் படத்தை ஒழுங்காக எடுக்கவும் படிக்கவும் தெரிந்தவர்தான் நகர்கிற படத்தைப் புரிந்துகொள்வார். இத்தாலியின் திரியெஸ்தேயில் எலெட்ரா, ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் டெசி ஆகிய இடங்களில் அளவீடு செய்ய இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஏற்பாடு செய்திருக்கிறது; முனைவர் பட்ட மாணவர்கள் அந்த வழியில் போய்வருகிறார்கள்.

இன்னொன்று: வெற்றிடமும் குளிரூட்டலும் கையால் பழக வேண்டிய வேலைகள். மகேந்திரகிரியில் இஸ்ரோ கிரையோஜெனிக் எஞ்சினைச் சோதிக்கிற மாவட்டம் நம்மது. பம்ப், கேஜ், சீல், லீக் என்று பேசத் தெரிந்த ஆட்கள் இந்தப் பக்கத்தில் நிறைய உண்டு. அப்படி ஒருவர் உறவிலோ தெருவிலோ இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள். லீக் தேடுவது எப்படி என்று ஒரு சாயங்காலம் கேட்டது, பாடத்தில் ஒரு அத்தியாயம் படித்ததைவிட ஆய்வுக்கூடத்தில் உதவும்.

கருவி எதுவும் இல்லாமல் இந்த வாரமே தொடங்க ஒரு வேலை தருகிறேன். பைத்தானில் 300 கெல்வினுக்கும் 2000 கெல்வினுக்கும் ஃபெர்மி–டிராக் பரவலை வரையுங்கள். 90 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்குகிற அகலம் முதலாவதில் 114 மில்லி எலக்ட்ரான் வோல்ட், இரண்டாவதில் 757 போல வர வேண்டும். வந்ததும் 18 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அகலமுள்ள காஸியனால் இரண்டையும் மங்கலாக்கிப் பாருங்கள். பிறகு நேர அச்சுக்குப் போய், பூஜ்யத்தில் தொடங்கி 30 ஃபெம்டோ விநாடியில் தேய்கிற எக்ஸ்பொனென்ஷியலை 100 ஃபெம்டோ விநாடி அகலக் காஸியனோடு கன்வால்வ் செய்து, மேலே கொஞ்சம் இரைச்சல் தூவி, அந்த 30-ஐத் திரும்ப எடுக்க முடிகிறதா என்று ஃபிட் போடுங்கள். பூஜ்ய நேரத்தை 10 ஃபெம்டோ விநாடி தள்ளி வைத்தும் ஒரு தடவை போடுங்கள். விடை எவ்வளவு ஆடுகிறது என்று எழுதி அனுப்புங்கள், அதை வைத்து மேலே பேசலாம்.